பெனே சூவெல் எப்படித் தேறினார்: பின்னால் நகரக் கற்றுக்கொண்ட ஒரு டாக்கிள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: 2021 ஆகஸ்டில், சீசனுக்கு முந்தைய ஆட்டங்களிலேயே தடுமாறிய பெனே சூவெல், அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் டாக்கிள், 2023 முடிவில் ஆல்-ப்ரோ முதல் அணிக்கு, அதாவது லீகின் அந்த ஆண்டுச் சிறந்தவர்கள் பட்டியலுக்கு, எப்படி வந்தார்? உடம்பு முறுக்கேறியதா, நல்ல பயிற்சியாளர் வாய்த்தாரா, இல்லை எல்லாம் வயது செய்த வேலையா?

உடம்பை முதலிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். டிராஃப்டுக்கு (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முன் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் அளந்தபோதே 6 அடி 5 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவான உயரம், 331 பவுண்டு எடை, அதாவது சரியாக 150 கிலோ. 102 கிலோ பளுவை மல்லாந்து படுத்து 30 முறை தூக்கினார். இன்று லயன்ஸ் பட்டியலில் அவர் எடை 335. நாலு பவுண்டு கூடியதால் யாரும் ஆல்-ப்ரோ ஆவதில்லை. அந்த அளவீட்டில் ஒரே ஒரு எண்தான் கொஞ்சம் உறுத்தியது: கை நீளம் 33 அங்குலத்துக்குச் சற்று மேல். டாக்கிளுக்கு 34 இருக்க வேண்டும் என்பது ஆள் தேர்வு செய்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு பத்தி. பந்தை வீசுகிற குவாட்டர்பேக்கின் முன்னால் லைன்மேன்கள் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரண்டு ஓரத்திலும் டாக்கிள்கள். பந்தைக் கையில் வைத்து ஓடும் ஆட்டத்தில் இந்த ஐவரும் முன்னால் பாய்ந்து இடித்து வழி உண்டாக்க வேண்டும். பந்தை வீசும் ஆட்டத்தில் வேலை நேர்மாறு. பின்னால் நகர்ந்துகொண்டே, எதிரே பாய்ந்து வருகிறவர் குவாட்டர்பேக்கைத் தொடாமல் சுமார் இரண்டரை நொடி பிடித்து வைக்க வேண்டும். அப்படிப் பாய்கிற ஆளை ரஷ்ஷர் என்பார்கள். அவர் 120 கிலோ இருப்பார், முன்னால் பார்த்து ஓடுவார். டாக்கிள் 150 கிலோவோடு பின்னால் நகர்வார். இந்த ஆட்டத்தில் இதைவிட இயற்கைக்கு மாறான வேலை வேறு இல்லை என்பது என் எண்ணம்.

சூவெலுக்கு முன்னால் போக யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஓரிகனில் ஆடிய காலத்திலேயே எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்களான லைன்பேக்கர்களைத் துரத்திப் பிடித்துச் சாய்க்கிற கால் அவருக்கு இருந்தது. 2019ல், 19 வயதில், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் கோப்பை கிடைத்தது. ஆனால் அவர் கல்லூரியில் ஆடியது இரண்டே சீசன். அதில் முதலாவதில் கணுக்கால் காயத்தால் பாதி போயிற்று. 2020ல் கொரோனா காரணமாக ஆடுவதில்லை என்று விலகிவிட்டார். 2020 ஜனவரி 1 ரோஸ் பௌல் ஆட்டத்துக்குப் பிறகு அவர் உண்மையான எதிராளி ஒருவரை ஆட்டத்தில் சந்தித்தது 2021 ஆகஸ்டில்தான். இடையில் 19 மாதம். ஆடிய ஆட்டங்கள் எல்லாமே இடது டாக்கிளாக.

2021 டிராஃப்டில் ஏழாவது ஆளாக லயன்ஸ் அவரை எடுத்தது. பொது மேலாளர் பிராட் ஹோம்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளர் டான் கேம்பெல்லுக்கும் அதுதான் டெட்ராய்ட்டில் முதல் தேர்வு. இடப்பக்கம் ஏற்கெனவே டெய்லர் டெக்கர் இருந்தார். ஆகவே இளையவரை வலப்பக்கம் போட்டார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்கியது.

இடமும் வலமும் ஒன்றுதானே என்று வெளியிலிருந்து தோன்றும். காலைப் பார்த்தால் புரியும். இடது டாக்கிள் நிற்கும்போது இடக்கால் வலக்காலைவிட அரைப் பாதம் பின்னால் இருக்கும். ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், உள்காலான வலக்கால் தரையை உந்தும். வெளிக்காலான இடக்கால் பின்னோக்கிச் சறுக்கும். வலக்கால் அதே தூரம் பின்தொடரும். இரண்டு பாதங்களுக்கும் இடையே தோள் அகலம் எப்போதும் குறையக் கூடாது. இதற்குக் கிக் ஸ்லைடு என்று பெயர். வலப்பக்கம் போனால் உந்துகிற கால் சறுக்கும் காலாகவும், சறுக்குகிற கால் உந்தும் காலாகவும் மாறிவிடும். இத்தனை ஆண்டு உந்தியே பழகிய வலது தொடை இப்போது பிரேக் போட வேண்டும். முதலில் நீட்டி எதிராளியை அளக்கும் கை இடதிலிருந்து வலதாகிறது. பந்து கைமாறுவதைப் பார்க்கிற கடைக்கண்ணும் மாறுகிறது. வலக்கையால் எழுதியவரிடம் பேனாவை இடக்கையில் கொடுத்து, எதிரே ஒருவர் காகிதத்தைப் பிடுங்க வரும்போது எழுதச் சொன்ன மாதிரி.

நிதானமாக நடந்து பார்க்கும் பயிற்சியில் இது சரியாகவே வரும். வேகம் வந்ததும் உடம்பு பழைய பாட்டையே பாடும். முதல் உந்தல் அரை அடி குறையும். இரண்டாவது அடி விழும்போது ரஷ்ஷர் தோளுக்கு நேராக வந்திருப்பார். பதறிப்போய் டாக்கிள் இடுப்பை ஓரக்கோட்டின் பக்கம் திருப்புவார். பயிற்சியாளர்கள் இதைக் கதவு திறப்பது என்று சொல்வார்கள். கதவு திறந்த பிறகு ரஷ்ஷர் உள்பக்கம் வெட்டினால் அவரை மறிக்க டாக்கிளிடம் கால் இல்லை. நேராகப் போனாலும் குவாட்டர்பேக்குக்குக் குறுக்குவழி கிடைத்துவிடும். 2021 ஆகஸ்டில் சூவெலிடம் தெரிந்த சிக்கலின் வேர் இதுதான். வலிமையும் இருந்தது, வேகமும் இருந்தது. உந்துகிற கால்தான் தவறு.

அதற்குச் சான்று கையோடு கிடைத்தது. சீசன் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது டெக்கரின் விரலில் காயம். சூவெலை இடப்பக்கம் தூக்கிப் போட்டார்கள். செப்டம்பர் 12, முதல் ஆட்டம், எதிரே சான் ஃபிரான்சிஸ்கோவின் நிக் போசா. 21 வயதுகூட நிரம்பாத பையன், சொந்த வீட்டுக்குத் திரும்பியவர் போல ஆடினார். இரண்டு வாரம் முன்பு வரை இவரைத் தவறான தேர்வு என்றவர்கள் அன்று வாயடைத்துப் போனார்கள். முதல் 8 ஆட்டம் இடப்பக்கம். நவம்பரில் டெக்கர் திரும்பியதும் மறுபடி வலப்பக்கம். முதல் ஆண்டு ஆட்டக்காரரை நடுசீசனில் பக்கம் மாற்றுவது பொதுவாக நல்ல யோசனையல்ல. இவர் விஷயத்தில் அது பிழைத்ததற்குக் காரணம், அதன்பின் அவரை வலப்பக்கத்திலேயே விட்டுவைத்தார்கள் என்பது. 2022, 2023, 2024 மூன்று சீசனிலும் வலது டாக்கிள். டெக்கர் காயத்தில் இருந்த 2023 தொடக்கத்தில் மட்டும் கொஞ்ச காலம் இடப்பக்கம் போய் வந்தார். அப்போது தடுமாற்றமில்லை.

சரி, அந்த மூன்றாண்டில் என்ன சேர்ந்தது? இதை வளர்ச்சி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டால் ஒன்றும் விளங்காது.

முதலாவது, பின்வாங்கும் விதங்கள். ஒரு டாக்கிளுக்குக் குறைந்தது மூன்று வேண்டும். நேர் பின்னாகச் சறுக்குவது, ரஷ்ஷர் வெகு தள்ளி அகலமாக நிற்கும்போது. பின்னும் பக்கமும் கலந்து 45 பாகைக் கோணத்தில் நகர்வது, அன்றாடச் சோறு அதுதான். மூன்றாவது, பின்வாங்கவே செய்யாமல் முதல் அடியிலேயே முன்னால் எட்டிப் பிடிப்பது. பந்து சீக்கிரம் வீசப்படும் ஆட்டங்களிலும், ஓட்டம் என்று ஏமாற்றி வீசும் ஆட்டங்களிலும் இது உதவும். இளம் டாக்கிள்கள் பத்துக்கு ஒன்பது முறை ஒரே விதத்தில் நகர்வார்கள். தேர்ந்த ரஷ்ஷர் முதல் கால் மணி நேரத்தில் அதை அளந்துகொண்டு, அடுத்த கால் மணி நேரத்தில் அறுவடை செய்வார். சூவெல் விதத்தை மாற்றிக் காட்டத் தொடங்கியபோதுதான் எதிராளிகளின் முதல் அடியில் தயக்கம் தெரிய ஆரம்பித்தது. அவருக்கு அந்த மூன்றாவது விதம் பிறவிச் சொத்து. இடிக்கப் பிடிக்கிற ஆள் அல்லவா? ஆனால் அதையே அடிக்கடி செய்தால் ஒருமுறை தவறினாலும் பின்னால் காப்பாற்ற யாருமில்லை. எப்போது செய்யக் கூடாது என்று தெரிந்ததுதான் அவருடைய முதிர்ச்சி.

இரண்டாவது, கை. இங்கேதான் அந்த 33 அங்குலக் கணக்கு வருகிறது. கை நீளமானவர் தூரத்திலேயே எதிராளியின் மார்பில் கை வைத்துவிடலாம். குட்டைக் கைக்காரர் இரண்டு கையையும் ஒன்றாக நீட்டி முந்திக் குத்தப் பார்த்தால், ரஷ்ஷர் அந்தக் கைகளை வெட்டித் தட்டிவிடுவார். நீட்டிய கை காற்றில், தலை முட்டிக்கு முன்னால், 150 கிலோவும் குப்புற. மூக்கு பாதவிரலைத் தாண்டினால் ஆட்டம் போச்சு என்பது இந்தத் தொழிலில் பால பாடம். மாற்று வழி: இரண்டு கையும் ஒன்றாகப் போகாமல், வெளிக்கையை முதலில் நீட்டுவதுபோல் காட்டி இழுத்துக்கொள்வது, ரஷ்ஷர் வெட்டும் கையை வீணாக்கியதும் உள்கையை மார்பு எலும்பின் பக்கம் வைப்பது, கட்டைவிரல் மேல்நோக்கி, முழங்கை விலாவோடு ஒட்டி. முழங்கை வெளியே விரிந்தால் பிடி தோளுக்குப் போகும், நடுவர் மஞ்சள் துணியை எறிவார், 10 கஜம் அபராதம். எங்கே நிற்பது என்பதும் கையோடு சேர்ந்ததே. டாக்கிளின் மூக்கு ரஷ்ஷரின் உள்தோளுக்கு நேரே இருக்க வேண்டும். முழு ஆளையும் மறைக்கப் பார்க்காமல் பாதி ஆளை மறைத்து, மீதிப் பாதியைச் சுற்றுவழியில் போக விடுவது. சுற்றுவழியில் போகிறவர் குவாட்டர்பேக்கின் பின்னால் போய்ச் சேர்வார், அதற்குள் பந்து போயிருக்கும்.

மூன்றாவது, நங்கூரம். மார்பில் கை வைத்து நேராகத் தள்ளிக்கொண்டு போகிற புல் ரஷ்ஷை எதிர்க்கும்போது, அப்படியே நின்று முட்டினால் முதுகு வளைந்து பின்னால் சரியும். செய்ய வேண்டியது ஒன்றிரண்டு சின்னக் குதிப்பு. இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு அரை அடி பின்னால் விழும். விழும்போது இடுப்பு இறங்கும், குதிகால் பதியும், கை கீழிருந்து மேலே தூக்கும். ஒரு கஜம் கொடுத்து நிற்பது. கொடுக்காமல் நிற்கப் பார்த்தால் நாலு கஜம் போய்விடும். இளம் லைன்மேன்களுக்கு இதில் இருக்கிற தடை மானப் பிரச்சினைதான், ஒரு கஜம்கூட விட்டுக்கொடுக்க மனம் வராது.

நான்காவது, பார்வை. அது தனியாளின் கையில் இல்லை. எதிரணியின் இரண்டு பேர் குறுக்கும் நெடுக்குமாக இடம் மாறிப் பாய்வதற்கு ஸ்டண்ட் என்று பெயர். ஒருவர் கார்டுக்கும் டாக்கிளுக்கும் நடுவே இடித்து வழி அடைப்பார், மற்றவர் அவர் பின்னால் சுற்றி வருவார். கார்டும் டாக்கிளும் ஒரே ஆழத்தில் நின்றால் ஆளைக் கைமாற்றிக்கொள்ளலாம். ஒருவர் அரை கஜம் முன்னே நின்றாலும் இருவரும் மோதிக்கொள்வார்கள், நடுவே பாதை திறக்கும். டாக்கிள் தன் முன்னால் இருக்கும் ஆள் திடீரென்று உள்ளே சரிவதைப் பார்த்தால் அவரைத் துரத்தக் கூடாது. அடுத்தவர் வருகிறார் என்று பொருள். இது சொல்லிக்கொடுத்து வருவதைவிடப் பக்கத்தில் ஒரே ஆட்களோடு ஆடி ஆடி வருவது. சென்டர் ஃபிராங்க் ராக்னௌ, இடப்பக்கம் டெக்கர், குவாட்டர்பேக் ஜாரெட் காஃப் ஆகியோர் 2021 முதல் 2024 வரை மாறவில்லை. லைன் பயிற்சியாளர் ஹாங்க் ஃப்ரேலியும் மாறவில்லை. அவரே பிலடெல்பியாவில் சென்டராக ஆடியவர். மோசமான அணிகளில் இளம் டாக்கிள்கள் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம், இரண்டாண்டில் மூன்று பயிற்சியாளர் வந்து ஒருவர் நேர் பின்னாகப் போ என்பார், மற்றவர் எட்டிப் பிடி என்பார்.

இதையெல்லாம் பழக நேரம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர் சங்கத்தோடு 2011ல் போட்ட ஒப்பந்தம் முதல், சீசன் முழுக்க முழுக் கவசத்தோடு செய்யும் பயிற்சி 14 நாள் மட்டுமே. லைன்மேனுக்குக் கவசமில்லாத பயிற்சி, தண்ணீரில்லாத நீச்சல் மாதிரி. கால் பழகும், கை பழகாது. ஆகவே அந்தச் சில நாட்களில் எதிரே யார் நிற்கிறார் என்பது பெரிய விஷயம். 2022 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக வந்த எய்டன் ஹட்சின்சன் அந்த வேலையைப் பார்த்தார். இருவரும் பயிற்சியில் ஒருவரையொருவர் தோலுரித்ததில் இருவருக்குமே லாபம்.

ஓட்ட ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்ல வேண்டும், அதில் அவர் வந்தபோதே பாதி வாத்தியார். சேர்ந்தது கட்டுப்பாடு. முதல் அடி 15 செ.மீ.க்கு மேல் போகாமல் இருப்பது, எதிராளியின் இரண்டாவது கால் தரையில் படும் முன் தன்னுடைய இரண்டாவது காலைப் பதிப்பது. பெரிய அடி எடுத்து வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போது இடி விழும். 2022 முதல் 2024 வரை தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்த பென் ஜான்சன் இவருடைய ஓட்டத்தைக் கருவியாகவே வைத்துக்கொண்டார். இடத்தைவிட்டு வரிசைக்குப் பின்னால் ஓடி மறுபக்கம் இடிக்கச் சொல்வது, ஸ்னாப்புக்கு முன்பே நகரச் சொல்வது எல்லாம் உண்டு. 2022 டிசம்பரில் மினசோட்டாவுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் 7 கஜம் தேவைப்பட்ட மூன்றாவது முயற்சியில் (10 கஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிதான்), பந்தையே இவருக்கு வீசினார்கள். 9 கஜம் எடுத்து வெற்றியை உறுதியாக்கினார். 2024 முதல் வாரம் ராம்ஸுக்கு எதிரான கூடுதல் நேரத்தில் 70 கஜத்தையும் ஏறக்குறைய ஓடியே கடந்து வென்றார்கள். அந்தத் தொடரை வலப்பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

2024 ஏப்ரலில் நான்காண்டுக்கு 112 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுச் சராசரியில் அன்றைக்கு எந்த லைன்மேனும் அவ்வளவு வாங்கவில்லை. வலது டாக்கிள் என்றால் இரண்டாந்தரம் என்ற பழைய கணக்கு அதோடு ஒழிந்தது.

இதே பாதைதான் எல்லோருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சிட்னியில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்த ஜோர்டன் மெய்லாட்டாவை 2018ல் பிலடெல்பியா 233வது ஆளாக எடுத்தது. அதற்கு முன் இந்த ஆட்டத்தை அவர் ஆடியதே கிடையாது. லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் அவரை இரண்டு ஆண்டு சீசன் ஆட்டம் ஒன்றிலும் இறக்காமல் வைத்திருந்தார். முதுகுக் காயமும் இருந்தது. 2020ல் இறங்கினார், 2021ல் முதல் சுற்றுத் தேர்வான ஆண்ட்ரே டில்லர்டை ஓரங்கட்டி இடது டாக்கிள் இடத்தைப் பிடித்தார். அவருக்கு அழிக்க வேண்டிய பழைய பழக்கம் எதுவும் இல்லை. சூவெலுக்கு அழித்துவிட்டு எழுத வேண்டியிருந்தது. தாம்பாவின் டிரிஸ்டன் வர்ஃப்ஸ் எதிர்த்திசையில் போனவர்: வலப்பக்கம் ஆல்-ப்ரோ ஆகிவிட்டு 2023ல் இடப்பக்கம் மாறினார், 2024ல் அங்கேயும் ஆல்-ப்ரோ. பக்கம் மாறுவது முடியாத காரியமல்ல, ஒரு கோடைக்காலமாவது வேண்டும் என்பதற்கு அவரும் சாட்சி.

ஒரு இளம் டாக்கிள் தேறுகிறாரா என்று தொலைக்காட்சியிலேயே கண்டுபிடிக்கலாம். சாக்குகளை, அதாவது குவாட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படுவதை, எண்ணாதீர்கள்; குவாட்டர்பேக் பந்தை அதிக நேரம் வைத்திருந்தாலும் பழி டாக்கிள் மேல்தான் விழும். ஸ்னாப்புக்கு முன் அவர் எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்று பாருங்கள். ஹெல்மெட் சென்டரின் இடுப்புக்கோட்டைத் தொட வேண்டும் என்பது விதி. பயந்தவர் தள்ளி நிற்பார். 2023 முதல் ஆட்டத்தில் லயன்ஸுக்கு எதிராகக் கன்சாஸ் சிட்டியின் வலது டாக்கிள் ஜவான் டெய்லர் நின்ற இடம்தான் அந்த வாரம் முழுக்கப் பேச்சு. அடுத்தது, மூன்றாவது முயற்சியில் 8 கஜத்துக்கு மேல் தேவைப்படும்போது, வீசப் போகிறார்கள் என்று மைதானத்துக்கே தெரிகிற நேரத்தில், பின்னோட்டக் காட்சியை நிறுத்திப் பாதங்களைப் பாருங்கள். மூன்றாவது அடியில் பாதங்களுக்கு இடையே தோள் அகலம் இருந்தால் சரி. குதிகால்கள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் கை எவ்வளவு வலுவாக இருந்தாலும் அடுத்த அரை நொடியில் விழப்போகிறார். 2021 ஆகஸ்ட் ஆட்டம் ஒன்றையும் 2024 ஆட்டம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, சூவெலின் வலக்காலை மட்டும் இப்படி நிறுத்திப் பாருங்கள்.